பெத்லகேமுக்குப் போன மூன்று படி அரிசி

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. என் தங்கை பிரசவத்தில் போனதும் அவள் பிள்ளைகள் மூன்றையும் என் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டேன். எட்டும் தேறிவிட்டன. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், ஏர்போர்ட்டில் சீருடை போட்ட ஒரு பெண், "பாட்டி, உங்க கூட யாரும் வரலையா? பயமா இல்லையா?" என்று கேட்டாள். ஒரு கூரைக்குக் கீழே எட்டு வாய்க்குச் சோறு போட்டவளுக்கு ஏர்போர்ட் ஒரு கூட்டமா?

எனக்குக் கையெழுத்துப் போட வரும். பெரிய எழுத்து வேதாகமத்தை விரல் வைத்து மெல்லப் படிப்பேன். இவ்வளவு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஷெரின் எழுதுகிறாள். காலேஜில் தமிழ் படிக்கிற பெண், என் பேச்சை ஏட்டுத் தமிழாக்கிவிடுகிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவரவர் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குத் தெற்கே. நிலம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். அந்த நிலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் முதலில் கூலிக்கு இறங்கினோம். பிறகு பங்கு வாரத்துக்குச் செய்தோம். கடைசியில் எங்கள் பேருக்கே பட்டா வந்தது. பட்டாவைப் பெட்டியில் வைத்த வருஷமே அவர் போய்ச் சேர்ந்தார். அடுத்து அந்தப் பெரும் புயல். கடல் உள்ளே வந்து வயலில் நின்றது. தண்ணீர் வடிந்தது, உப்பு வடியவில்லை. மூன்று வருஷம் கதிர் வந்தும் பால் பிடிக்கவில்லை. எல்லாம் பதர்.

மூன்றாம் வருஷத்து அறுப்பின் பண்டிகைக்கு மற்றவர்கள் நெல்லும் வாழைத்தாரும் சேவலுமாகக் கோவிலுக்குக் கொண்டுவந்து காணிக்கை வைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவது வழக்கம். நான் வைத்தது ஒரு கட்டு வைக்கோல். அதை ஏலம் கேட்க ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அன்று ஐயர் பிரசங்கத்தில், பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று பொருள் என்றார். உட்கார்ந்த இடத்திலேயே பொருத்தனை செய்தேன். "ஆண்டவரே, என் நிலம் மறுபடி நெல் கொடுத்தால், முதல் அறுப்பில் மூன்று படி அரிசியை உம்முடைய அந்த வீட்டுக்கே கொண்டுவருவேன். அது அங்கேயே சோறாக வேண்டும். அந்த ஊர்க்காரர் சாப்பிட வேண்டும்."

அடுத்த சம்பாவில் நெல் வந்தது. தலை சாய்ந்த நெல்.

ஊரில் சிரித்தார்கள். "ஏன் ஞானப்பூ, வேளாங்கண்ணிக்கு வர்றேன்னு வேண்டிக்கிட்டிருக்கக் கூடாதா? டவுன் பஸ்ஸுல போயிட்டு வந்துரலாம்ல?" என்றார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். என் பிள்ளைகள் கூடிப் பேசி என்னை அனுப்பிவைத்தார்கள்.

நான் பழைய சபைக்காரி. ஆனால் அந்த வருஷம் எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய ஒரே கூட்டம் பாஸ்டர் எபிநேசருடையது. தாராசுரத்துப் பக்கம் சொந்தமாக ஒரு ஜெபவீடு நடத்துகிறவர். ஐம்பத்தைந்து வயது, நல்ல குரல், நல்ல மனசு. முழங்கால் வலிக்காரிகளின் பெட்டியைத் தானே தூக்கிவைப்பார். முப்பத்திரண்டு பேரை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். கையில் எப்போதும் ஒரு சுருட்டிய துணிப்படம். அதைப் பிரித்தால் ஆதாம் முதல் புதிய எருசலேம் வரை உலகத்தின் ஏழு காலங்களும் வட்டம் வட்டமாக வரைந்திருக்கும். இஸ்ரவேல் தேசம்தான் கடவுளின் கடிகாரம், அதன் முள்ளைப் பார்த்தால் முடிவு எவ்வளவு கிட்டே வந்திருக்கிறது என்று தெரியும் என்பார்.

அவருக்கு எதிர்க்கட்சி ஆசீர்வாதம் சார். மன்னார்குடியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களைப் போலப் பழைய சபை. "இயேசு வந்ததோட அந்த வாக்குத்தத்தம் எல்லாம் சபைக்கு வந்துடுச்சு பாஸ்டர். இப்ப இருக்கிற தேசம் வேற, வேதத்துல இருக்கிற இஸ்ரவேல் வேற," என்பார். விமானத்தில் தொடங்கியது. சோற்றுத் தட்டை வாங்கிப்போன பிறகும் நிற்கவில்லை.

என் அறைக்கூட்டாளி ரோசி டீச்சர், கும்பகோணத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். வழியெல்லாம் எனக்கு அவர்தான் காதும் வாயும்.

போய் இறங்கிய ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, அரிசி வைத்திருந்த மஞ்சள் பையைத் தூக்கி, "இது என்ன?" என்று கேட்டார். டீச்சர் சொன்னார். "எதற்கு?" என்றார். "சோறாக்க," என்றேன். "எங்கள் தேசத்தில் அரிசி கிடைக்கும்," என்றார். "இது என் நிலத்து அரிசி. அது எப்படி உங்க தேசத்துல கிடைக்கும்?" என்றேன். டீச்சர் அதை என்னவென்று மாற்றிச் சொன்னாரோ, அவர் சிரித்துப் பையைக் கட்டிக் கொடுத்தார்.

முதல் நாள் யோர்தான். ஆடிப்பெருக்குக் காவிரி போல இருக்கும் என்று எண்ணிப் போனேன். எங்கள் ஓடம்போக்கி ஆற்றில் பாதி அகலம்கூட இல்லை. மேட்டூர் திறந்து, முதல் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும்போது இருக்கிற அதே கலங்கல். இந்தக் கரை ஒரு தேசம், எதிர்க்கரை வேறு தேசம். இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு மீசை முளைக்காத பிள்ளைகள். எங்களூரிலும் எதிர்க்கரை வேறு பஞ்சாயத்துதான். தண்ணீர்ச் சண்டை வந்தால் மண்வெட்டியோடு சரி.

"என்னக்கா, ஏமாத்தமா?" என்றார் டீச்சர்.

"ஏமாத்தம் என்ன? ஆண்டவர் முழுக்கெடுக்க இடுப்பளவு இருந்தா போதாதா?" என்று இறங்கி மூன்று முழுக்குப் போட்டேன்.

சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். காலையிலேயே வெள்ளரிக்காய், தக்காளி, கசப்பாக ஒலிவக்காய். கொண்டைக்கடலையை வெண்ணெய் மாதிரி அரைத்து வைக்கிறார்கள். நல்ல சட்னிதான், தாளிக்க மட்டும் மறந்துவிட்டார்கள். கடலையை அரைத்து உருட்டிப் பொரித்த வடை ஒன்று உண்டு. அது நம் மசால் வடைக்குச் சித்தப்பா மகன். ரொட்டி நாளுக்கு மூன்று வேளை. சோறு என்று வைத்தது மஞ்சளாக, திராட்சையோடு, விறைத்துக்கொண்டு இருந்தது. மூன்றாம் நாளே எங்கள் ஆட்களின் முகம் வாடிவிட்டது. பாஸ்டர் ஜெபத்தில் உட்கார்ந்தே ரசத்தை நினைத்தார் என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் நாள் எருசலேம். பழைய ஆலயத்தின் மிச்சச் சுவருக்கு முன்னால் யூதர்கள் நெற்றியை வைத்து ஜெபிக்கிறார்கள். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். எங்கள் பாஸ்டர் அந்தப் பக்கத்தில் சுவரைத் தொட்டதும் தேம்பி அழுதது தடுப்புக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. நடிப்பில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு யூதக் கிழவி நாற்காலியில் ஒதுங்கி எனக்குப் பாதி இடம் கொடுத்தாள். அவள் பாஷையில் அவள், என் பாஷையில் நான் ஜெபித்தோம்.

வெளியே வந்ததும் ஆசீர்வாதம் சார், "கல்லைப் பிடிச்சுக்கிட்டு அழுதாச்சா? ஆலயம் நாமதான்னு வேதம் சொல்லுது," என்றார்.

"இயேசு அடையாளமாச் சொன்ன அத்திமரம் துளிர்த்துடுச்சு சார். சிதறிப்போன ஜனம் திரும்பி வந்து தேசமா நிக்குது. கண்ணால பாத்த பிறகும் நம்ப மாட்டீங்களா?"

"துளிர்த்தது அரசாங்கம். அத்திமரம் இல்ல."

எங்கள் வழிகாட்டி ஏலி இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பான். யூதப் பையன், நாற்பது வயது இருக்கும். அவன் பாட்டி கொச்சியிலிருந்து போனவளாம். அதனால் அரைகுறை மலையாளம் பேசுவான். என்னை அம்மச்சி என்று கூப்பிட்டான். நான் தமிழைக் கொஞ்சம் வளைத்துப் பேசினேன், எங்களுக்குள் ஓடியது.

மூன்றாம் நாள் உப்புக் கடல். அதில் யாரும் மூழ்க மாட்டார்கள். எல்லாரும் மிதந்து, சிரித்து, போட்டோ எடுத்தார்கள். நான் கால்கூட நனைக்கவில்லை. உப்பு என் வயலில் மூன்று வருஷம் படுத்துக் கிடந்தது. அதோடு எனக்கு விளையாட்டு வேண்டாம்.

மத்தியானம் அங்கிருந்து நேரே பெத்லகேம் என்பது ஏற்பாடு. மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில், ஒரு பக்கம் மொட்டை மலை, ஒரு பக்கம் வெள்ளைத் தரை, பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. முன்னாலிருந்து ஆவி பறந்தது. நாகூர்க் கடைத்தெருவில் பார்க்கிற பாய்மார் முகம் டிரைவருக்கு. கையை விரித்து, வேறு வண்டி வரவேண்டும் என்றார்.

பஸ் நிழலில் உட்கார்ந்தோம். சும்மா இருக்கிற நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று பாஸ்டர் படத்தை எடுத்து பஸ் ஜன்னல்களில் மாட்டினார். கடைசி வட்டத்துக்கு வந்தார். மெகிதோ என்கிற இடத்தில் அர்மகெதோன் யுத்தம் நடக்கும். அந்த நாளில் இந்தத் தேசத்து ஜனத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாண்டுபோகும். மீதி ஒரு பங்கு மேசியாவை ஏற்றுக்கொள்ளும். அதன் பிறகு ஆயிரம் வருஷ அரசாட்சி.

ஏலி, என்ன சொல்கிறார் என்று கேட்டான். டீச்சர் சொன்னார். அவன் தண்ணீர்ப் பாட்டிலை மூடிவிட்டுக் கேட்டான்: "பாஸ்டர், எனக்கு மனைவி, ஒரு மகள். ஆக மூன்று பேர். இதில் எந்த இரண்டு பேர்?"

பாஸ்டர் முகம் வெளுத்தது. "அப்படி இல்ல தம்பி. நான் தினமும் உங்க ஜனத்துக்காக ஜெபிக்கிறவன்," என்றார்.

ஆசீர்வாதம் சார் குஷியாக எழுந்து, "நான் சொல்றேன். அந்த மாதிரி எதுவும் கிடையாது. அந்த வாக்கெல்லாம் இப்ப எங்களுக்குத்தான். நாங்கதான் இஸ்ரவேல்," என்றார்.

ஏலி சிரித்தான். "ஒருவர் கடைசியில் எங்களைக் கொன்றுவிடுகிறார். இன்னொருவர் எங்கள் பெயரையே எடுத்துக்கொண்டார். நல்ல விருந்தாளிகள்!" டீச்சர் அதை மாற்றிச் சொன்னதும் பெண்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு சிரித்தோம். இரண்டு பெரியவர்களும் சிரிக்கவில்லை.

பங்கு பிரிக்கிற பேச்சு எனக்குப் பழக்கம். வாரத்துக்குச் செய்த காலத்தில் களத்தில் நெல்லைக் குவித்தால் இரண்டு பங்கு அந்தப் பக்கம், ஒரு பங்கு எங்கள் பக்கம். அளக்கிற மரக்காலோ அவர்கள் கையில்.

"பாஸ்டர், இந்த மூணு பங்கையும் அளக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

"கர்த்தர்தாம்மா."

"அப்ப மரக்காலை அவரு கையில விட்டுருங்க. நாம களத்துல நின்னு இது யாரு பங்குன்னு கூவ வேணாம்."

பாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். படத்தை மெல்லச் சுருட்டினார்.

வேறு பஸ் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. எருசலேமில் ஓட்டலுக்குள் நுழையும்போது பாஸ்டர் எல்லாரையும் நிறுத்திச் சொன்னார்: "நாளைக்குத்தான் கடைசி நாள். சாயங்காலம் விமானம். ஒரே ஒரு இடந்தான் முடியும். மெகிதோ போறோம். பெத்லகேம் கைவிட்டுப் போச்சு, மன்னிக்கணும்."

"பெத்லகேம் பக்கத்துலயே இருக்கு. மெகிதோ எங்கயோ வடக்கே இருக்கு," என்றார் ஆசீர்வாதம் சார்.

"பெத்லகேம் நடந்து முடிஞ்சது சார். மெகிதோ நடக்கப்போறது. அங்க நின்னு ஜெபிக்கிறேன்னு என் சபைக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வீடியோவுல ஊரே பாக்கக் காத்திருக்கு."

நான் அவரிடம் போய், "பாஸ்டர், என் பொருத்தனை," என்றேன்.

"தெரியும்மா. அரிசியை இங்க யாராவது ஏழைக்குக் குடுத்துடுங்க. கர்த்தர் இருதயத்தைப் பாக்கிறவர்," என்றார். இரக்கமாகத்தான் சொன்னார். ஆனால் நான் ஆண்டவரிடம் இருதயத்தைக் கொண்டுவருவதாகச் சொல்லவில்லை. மூன்று படி அரிசி என்று சொன்னேன். இடமும் சொன்னேன். எழுபத்தாறு வயதில் இன்னொரு தடவை அந்தத் தேசத்துக்கு வருவேன் என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

நான் பதினெட்டு வருஷம் நடவுப் பெண்களுக்கு முன்னால் நின்றவள். எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. மிராசுதார் பேசிய கூலியில் குறைத்தாலோ, பிள்ளைக்காரியை வைதாலோ, நாங்கள் சண்டை போட மாட்டோம். நடுவயலில் நிமிர்வோம். வாய்க்காலில் கையைக் கழுவுவோம். வரப்பில் வரிசையாக, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவோம். ஒரு வார்த்தை பேசக்கூடாது. பறித்து முடி முடியாகக் கட்டிப் போட்ட நாற்று வெயிலில் கிடக்கும். நேரம் போகப் போக வாடுவது அவருடைய நாற்று. சரி என்று வாயால் சொன்னாலும் எழ மாட்டோம். அவர் தன் கையாலேயே ஒரு நாற்று முடியை எடுத்து, முன்னால் நிற்கிறவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பேச்சு முடிந்தது. பிறகு யாரும் அதைப் பற்றிக் குத்திப் பேசக் கூடாது.

மறுநாள் காலை ஓட்டல் வாசலில் பஸ் நின்றது. எல்லாரும் பெட்டியோடு வெளியே வந்தார்கள். நான் செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயில் இரண்டு கையையும் முழங்கை வரை கழுவினேன். நடைபாதைக் கல்லில், பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பையைப் பக்கத்தில் வைத்தேன்.

"அக்கா, மயக்கமா? என்ன பண்றீங்க?" என்று டீச்சர் ஓடி வந்தார். சேற்றில் இறங்காதவர், அவருக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் குழந்தையம்மாளுக்குத் தெரியும். அவள் பாஸ்டருடைய சபைக்காரி, திருவிடைமருதூர்ப் பக்கத்து நடவுக்காரி. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள். மறுபடி குழாய்ச் சத்தம். இன்னொருத்தி. அப்புறம் இரண்டு பேர். நான் திரும்பிப் பார்க்கவில்லை, குழாயை வைத்து எண்ணிக்கொண்டேன். பதினோரு பேர். அதில் எட்டு பேர் பாஸ்டருடைய ஆட்கள். பதினோராவதாக டீச்சரும் ஒன்றும் புரியாமலே கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஆசீர்வாதம் சார் எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "இது நியாயமான கோரிக்கை! வேதத்தின்படி பார்த்தாலும்..." என்று ஆரம்பித்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். அவர் பாதியில் நிறுத்தியதை அந்தப் பயணத்தில் அன்றுதான் பார்த்தேன்.

வீடியோ எடுக்கிற பையன், "டைம் ஆவுது பாஸ்டர், இவங்களை விட்டுட்டுப் போலாம்," என்று கத்தினான். டிரைவர் பீடி மாதிரி எதையோ பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஏலி மலையாளத்தில் என்னவென்று கேட்டான். அவனுக்கும் பதில் இல்லை.

பாஸ்டர் வந்தார். "அம்மா, இது என்ன நடவு வயலா?" என்றார். பன்னிரண்டு முதுகும் அசையவில்லை. ஒரு வசனத்தைத் தொடங்கினார், முடிக்கவில்லை. சுற்றி எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். வெயில் எங்கள் காலடிக்கு வந்தது.

பிறகு வேறு குரலில் பேசினார். பிரசங்கக் குரல் இல்லை.

"எங்க அம்மா நடவுல இப்படி உக்காந்தப்ப மூணு மணி நேரம் ஆச்சு. எனக்கு விமானம் இருக்கு."

யாரோ கிளுக்கென்று சிரித்தாள், உடனே அடக்கிக்கொண்டாள். பாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஊரில் நாற்றுக்கு எங்கே போவார்? அக்குளிலிருந்த படத்தை வீடியோக்காரன் கையில் கொடுத்தார். குனிந்து, என் பக்கத்திலிருந்த மஞ்சள் பையை இரண்டு கையாலும் தூக்கி, என் கையில் வைத்தார்.

"எழுந்திரிங்கம்மா. பெத்லகேம் போவோம். வரப்போறது வராம எங்கயும் போயிடாது."

எழுந்தேன். முழங்கால் இரண்டும் நெட்டி முறிந்த மாதிரிச் சத்தம் போட்டன. அன்று அவர் உயரம் எனக்கு ஒரு சாண் கூடித் தெரிந்தது. என் உயரம் இரண்டு சாண்.

பெத்லகேம் அரை மணி நேரம்கூட இல்லை. நடுவில் ஒரு சுவர். எங்கள் பெரிய கோவில் மதில் போல உயரம், ஆனால் வெறும் சிமெண்ட். அந்த வாசலில் ஏலி இறங்கிவிட்டான். அவன் ஜனத்தார் அதற்கு மேல் போகக்கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள்.

"இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் பார்த்ததில்லை, அம்மச்சி. பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்," என்றான். உள்ளே அந்த ஊர் வழிகாட்டி ஒருவர் ஏறிக்கொண்டார். அவருக்குச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வரச் சீட்டு இல்லையாம்.

ஆண்டவர் பிறந்த இடத்துக்கு வாசல் சின்னது. ராஜாவாக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். எனக்குக் குனிவது புதிதில்லை, முதலில் நான்தான் உள்ளே போனேன். கீழே குகையில் வெள்ளி நட்சத்திரத்தைத் தொட்டு, "வந்துட்டேன்," என்று மட்டும் சொன்னேன். பின்னாலிருந்த வெள்ளைக்காரர்கள் நெருக்கினார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சின்னக் கடை. மகன் கல்லாவில், அம்மா அடுப்படியில். மூத்த மகன் பெயர் ஜார்ஜ். அதனால் அந்த ஊரார் அவளை ஜார்ஜ் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம் தெருவில் கூப்பிடுகிற மாதிரியே. என் வயது இருக்கும். கிறிஸ்தவர்கள். எப்போதிலிருந்து என்று பாஸ்டர் கேட்டதற்கு, "ஆரம்பத்திலிருந்து," என்றாள்.

நான் பையை அவள் மேடையில் வைத்து, டீச்சரை வைத்து விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் வழிகாட்டிக்கு, வழிகாட்டி அவளுக்கு. கடல் வந்தது, உப்பு நின்றது, வைக்கோல் வைத்தது, எல்லாம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் ஒரு பிடி அரிசியை எடுத்து மோந்து பார்த்தாள். "இது ஏற்கெனவே வெந்த வாசனை அடிக்கிறதே?" என்றாள். புழுங்கல் அரிசி, நெல்லாகவே அவித்துக் காயவைப்போம் என்று விளக்கினோம். "ஆக, இரண்டு தடவை சமைக்கிறீர்கள். ஆண்களுக்கு அங்கேயும் வேலை இல்லையா?" என்றாள். அடுப்படியே சிரிப்பில் அதிர்ந்தது.

பெரிய தவலையை அவளே ஏற்றினாள். ஆனால் நான் கஞ்சியை வடிக்கப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே சோற்றுத் தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். கொட்டவில்லை என்று ஒரு கிண்ணத்தில் பிடித்து, உப்புப் போட்டு, குடித்துக் காட்டினேன். அவளும் குடித்தாள். உடனே இன்னொரு கிண்ணம் எடுத்து, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மருமகளிடம் நீட்டினாள்.

சோறு ஆறும் நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினாள். ஒலிவத் தோப்பு. மாமனார் வைத்தது. சுவர் குறுக்கே வந்துவிட்டது. மரங்கள் அந்தப் பக்கம். காய் பறிக்க வருஷத்தில் சில நாள் சீட்டுக் கொடுத்தால் போவாள், கொடுக்காத வருஷம் காய் உதிர்ந்துவிடும். "கடல் வடிந்தது என்று சொன்னாயே, கேட்க நன்றாக இருந்தது," என்றாள். அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் பாஸ்டரைப் பார்த்துக் கேட்டாள்: "உங்கள் ஊரில் எங்களுக்காக ஜெபிக்கிறீர்களா?"

வெள்ளிக்கிழமைதோறும் இஸ்ரவேலுக்காக உபவாசம் இருக்கிறவர் அவர். பொய் சொல்லத் தெரியாது. "இதுவரைக்கும் இல்லம்மா," என்றார். "உங்க பேரைச் சொல்லுங்க," என்று பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பாத்தீங்களா பாஸ்டர், நான் அப்பவே..." என்று ஆசீர்வாதம் சார் தொடங்கினார்.

"சார், சோறு ஆறுது," என்றேன்.

அந்த ஊர்த் தயிர் கெட்டியாக, புளிப்பாக, அருமையாக இருந்தது. டீச்சர் நார்த்தங்காய் ஊறுகாயையும் மோர் மிளகாயையும் எடுத்தார். கடைக்காரி வீட்டார் முதலில், வழிகாட்டி, டிரைவர், அப்புறம் நாங்கள். நானே பரிமாறினேன். ஜார்ஜ் அம்மா நார்த்தங்காயைக் கடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள், பிறகு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள். காலையில் கத்திய வீடியோக்காரன் இரண்டு தடவை வாங்கினான். பாஸ்டர் மூன்று தடவை. மூன்றாம் தடவை தட்டை நீட்டும்போது, "மெகிதோவுல இது கிடைச்சிருக்காதும்மா," என்றார்.

என் நிலத்து மோட்டா அரிசி, பதராய்ப் போன மண்ணில் திரும்பி வந்த அரிசி, அப்பத்தின் வீட்டில் நாற்பது வாய்க்குப் போனது. கடைசியில் தவலையைத் தட்டினால் சத்தம்தான் வந்தது. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போதும், கிளம்பு," என்று சொல்லியிருப்பார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

சுவர் வாசலில் ஏலி நின்றுகொண்டிருந்தான். டப்பாவில் அவனுக்கும் சோறு வைத்திருந்தேன். வேறு அடுப்படியில் சமைத்ததை அவர்கள் முறைப்படி தொடக்கூடாதாம், கையைக் கட்டிக்கொண்டான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பையை உதறினேன். அடியில் ஒரு பிடி அரிசி மிச்சம் இருந்தது. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். "என் அம்மாவுக்குப் பொங்கத் தெரியும்," என்றான். டப்பாவை வீடியோக்காரன் காலி செய்தான்.

விமானத்தில் இருவரும் மறுபடி ஆரம்பித்தார்கள், கடிகாரமா, சபையா என்று. யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நன்றாகத் தூங்கினேன்.

இதை எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்கு வந்த பிறகு பாஸ்டர் வீடியோவில், "ஒரு தாயாரின் விருப்பத்தினால் பெத்லகேம் போனோம்," என்றார். ஆசீர்வாதம் சார் சபைப் பத்திரிகையில், "எங்கள் வற்புறுத்தலின் பேரில்," என்று எழுதியிருக்கிறார். இரண்டிலும் என் பெயர் இல்லை. குழந்தையம்மாள் பெயரும் இல்லை. உட்கார்ந்தது நாங்கள் பன்னிரண்டு பேர். முதலில் கையைக் கழுவியது ஞானப்பூ. அதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

ஷெரின், இவ்வளவுதான். பேனாவை மூடு. இப்போது முதலிலிருந்து வாசித்துக் காட்டு. நான் சொல்லாத வார்த்தை ஏதாவது நுழைந்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். அவசரப்படாமல் வாசி. ஜன்னலைத் திறந்துவிட்டு, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசி.